கர்த்தரை அறிந்திருப்பதில் மேன்மை: எரேமியா 9:23-24-ஐச் சுவரில் மாட்டுவதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இது. அம்பத்தூர்ப் பக்கம் வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருக்கிற ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவருக்கும் நல்ல வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். புது வீட்டு ஹாலில் எரேமியா 9:23-24-ஐ மாட்ட ஆசை, ஆனால் படிக்கப் படிக்க அந்த வசனமே உறுத்துகிறது. படிப்பு, வேலை, வீடு இவற்றில் பெருமைப்படுவதே தப்பா? கர்த்தரை அறிவதில் மேன்மைபாராட்டுவது என்றால் அன்றாடம் என்னதான் செய்வது? ஆலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எதைச் சொல்வது, எதை விடுவது?

காலண்டர்களிலும் வசன அட்டைகளிலும் இதில் பாதிதான் இருக்கும். முழு வசனம் இது:

"ஞானி தன் ஞானத்தைக்குறித்து மேன்மைபாராட்டவேண்டாம், பராக்கிரமன் தன் பராக்கிரமத்தைக்குறித்து மேன்மைபாராட்டவேண்டாம், ஐசுவரியவான் தன் ஐசுவரியத்தைக்குறித்து மேன்மைபாராட்டவேண்டாம், மேன்மைபாராட்டுகிறவன் பூமியிலே கிருபையையும் நியாயத்தையும் நீதியையும் செய்கிற கர்த்தர் நான் என்று என்னை அறிந்து உணர்ந்திருக்கிறதைக்குறித்தே மேன்மைபாராட்டக்கடவன் என்று கர்த்தர் சொல்லுகிறார், இவைகளின்மேல் பிரியமாயிருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்."

இப்போது இதற்கு முன்னால் உள்ள வசனங்களைப் பாருங்கள். 17-ஆம் வசனத்தில் புலம்பற்காரிகளைக் கூட்டிவரச் சொல்கிறார் கர்த்தர். சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதே தொழிலாக இருந்த பெண்கள் அவர்கள். 20-இல், உங்கள் மகள்களுக்கும் ஒப்பாரி கற்றுக்கொடுங்கள் என்கிறார். வரப்போகிற சாவுக்கு இருக்கிற ஆட்கள் போதமாட்டார்கள். 21-இல் சாவு ஜன்னல் வழியாக ஏறி அரண்மனைக்குள் வந்துவிட்டது. 22-இல் பிணங்கள் வயல்வெளியில் எருவைப்போலக் கிடக்கின்றன, எடுக்க ஆளில்லை. அடுத்த வரிதான் "ஞானி தன் ஞானத்தைக்குறித்து..." என்று தொடங்குகிறது. ஆக, இழவு வீட்டில் நின்றுகொண்டு சொன்ன வார்த்தை இது. புதுமனை புகுவிழாவுக்கு மாட்டக்கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாக மாட்டலாம். ஆனால் ரோஜாப்பூ படத்தின் மேல் அச்சடிக்க வந்த வசனம் இது இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எரேமியா தீர்க்கதரிசி ஆசாரியக் குடும்பத்துப் பிள்ளை. எருசலேமிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஆனதோத் என்ற ஊர்க்காரர். யூதாவை ஆண்ட யோசியா ராஜாவின் 13-ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 627 வாக்கில், அழைப்புப் பெற்றார். கி.மு. 609-இல் மெகிதோவில் யோசியா கொல்லப்பட்டார். எகிப்தின் பார்வோன் நேகோ, யூதா தேசத்தின் மேல் 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டம் விதித்தான். ஒரு தாலந்து ஏறத்தாழ 34 கிலோ என்று வைத்தாலும் வெள்ளி மட்டும் 3,400 கிலோ. நேகோ சிம்மாசனத்தில் உட்காரவைத்த யோசியாவின் மகன் யோயாக்கீம் அதை ஜனங்களிடம் ஆளாளுக்கு வரி போட்டு வசூலித்துக் கொடுத்தான். யோயாக்கீமின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு அவன்தான் முக்கியமான ஆள்.

பிறகு கி.மு. 597. பாபிலோன் படை ஒரு பெரிய கூட்டத்தைச் சிறைபிடித்துப் போகிறது. 2 இராஜாக்கள் 24-இல் அந்தக் கணக்கு இருக்கிறது: ஆலயத்தின் பொக்கிஷம், அரண்மனையின் பொக்கிஷம், பராக்கிரமசாலிகள் 7,000 பேர், தச்சர் கொல்லர் 1,000 பேர். தேசத்தில் ஏழை ஜனங்களைத் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை. ஐசுவரியம், பராக்கிரமம், கைத்தொழில் ஞானம் என்று எரேமியா சொன்ன மூன்றும் ஒரே நடையில் வண்டி ஏறிவிட்டன. எதிரி வந்தால் முதலில் எடுத்துப்போவது எதுவோ அதன்மேல் உங்கள் பெயரை எழுதி வைக்காதீர்கள் என்பதுதான் 23-ஆம் வசனம்.

அப்படியானால் இந்த மூன்றும் இருப்பதே தப்பா? இல்லை. ஆசரிப்புக்கூடாரம் செய்த பெசலெயேலின் கைவேலையை யாத்திராகமம் 31 தேவ ஆவியின் கொடை என்றே சொல்கிறது. தானியேலுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் படிப்பில் சமர்த்து கொடுத்தவரும் தேவன்தான். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று மனம் குளிர்வது பாவமில்லை. "இயேசு இருக்கும்போது படிப்பு எதற்கு" என்று வாலிபப் பிள்ளைகளிடம் மேடையில் பேசுகிறவர்கள், பெரும்பாலும் தங்கள் சொந்தப் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்திருப்பார்கள்.

கோடு எங்கே என்பதைக் கலாத்தியர் 6:4-இல் பவுல் போடுகிறார்: அவனவன் தன் வேலையைச் சோதித்துப் பார்க்கட்டும், அப்போது மற்றவனைப் பார்த்து அல்ல, தன்னைப் பார்த்தே மேன்மைபாராட்ட இடமுண்டாகும். கெடுதல் நுழைவது ஒப்பிடும்போதுதான். 560 மார்க் எடுத்த பிள்ளையின் அம்மா, 580 எடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டதும் முகம் வாடுகிறார் என்றால், அதுவரை இருந்தது மகளைப் பற்றிய சந்தோஷம் மட்டும் இல்லை. "பணியுமாம் என்றும் பெருமை சிறுமை அணியுமாம் தன்னை வியந்து" என்ற குறள் தமிழ்க் காதுக்குப் பழக்கம்தான். எரேமியா அதற்கு மேலே ஒரு படி போகிறார். பணிவாக இரு என்று நிறுத்தாமல், மேன்மைபாராட்டு, ஆனால் இதைக்குறித்து என்று கையைப் பிடித்துக் காட்டுகிறார்.

ஒப்பீடு எப்படி அரிக்கும் என்பதற்கு அந்தப் புத்தகத்திலேயே ஓர் ஆள் உண்டு, அவரைப் பலரும் கவனிப்பதில்லை. எரேமியாவின் எழுத்தர் பாருக். 45-ஆம் அதிகாரம் வெறும் ஐந்து வசனம், முழுக்க அவருக்காகவே எழுதப்பட்டது. அலுத்துப்போய்ப் புலம்புகிற பாருக்கிடம், "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்கிறார் கர்த்தர். எந்தப் பெரிய காரியம் என்று அங்கே இல்லை. 51:59-க்குப் போனால் செராயா என்று ஒருவர் வருகிறார். சிதேக்கியா ராஜாவோடு பாபிலோனுக்குப் பயணம் போகிற அரசு அதிகாரி. அவர் தகப்பன் பெயர் நேரியா, தாத்தா பெயர் மாசெயா. 32:12-இல் பாருக்கின் தகப்பனும் நேரியா, தாத்தாவும் மாசெயா. இருவரும் உடன்பிறந்தவர்கள் என்றே வேத அறிஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவன் ராஜாவின் கூடப் போகிறான். இன்னொருவன், முன்பு யோயாக்கீம் ராஜா அறுத்து நெருப்பில் போட்ட எரேமியாவின் சுருளை மறுபடி முதலிலிருந்து எழுதுகிறான். ஒரு பிள்ளை செகரட்டேரியட்டிலும் இன்னொரு பிள்ளை ஊழியத்திலும் இருக்கிற எந்த வீட்டுக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. பாருக்குக்குக் கிடைத்த வாக்குறுதி என்ன? உன் உயிர் தப்பும். அவ்வளவுதான். பதவி உயர்வு இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கர்த்தரை அறிவது என்றால் என்ன?

பெரும்பாலான பிரசங்கங்கள் இங்கே ஜெபம், வேதவாசிப்பு, அபிஷேகம் என்று போய்விடும். எரேமியாவே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார், 22-ஆம் அதிகாரத்தில், 13 முதல் 19 வரை. மேலே சொன்ன யோயாக்கீம் வீடு கட்டுகிறான். தேசமே தண்டவரி கட்டித் தேய்ந்த காலத்தில் அவனுக்கு விஸ்தாரமான வீடு, காற்று வீசும் மேலறைகள், பெரிய பலகணிகள், கேதுருப் பலகை, சிவப்புச் சாயப் பூச்சு. வேலை செய்தவர்களுக்குக் கூலி கிடையாது. எரேமியா சொல்கிறார்: உன் தகப்பனும் சாப்பிட்டான், குடித்தான், சுகமாகத்தான் இருந்தான். ஆனால் அவன் நியாயமும் நீதியும் செய்தான், சிறுமையும் எளிமையுமானவனுடைய வழக்கை விசாரித்தான். "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்லுகிறார்."

9:24-இல் சொன்ன அதே அறிவுதான். கிருபை, நியாயம், நீதி செய்கிற கர்த்தரை அறிந்திருக்கிறேன் என்று ஒருவன் சொன்னால், அதைச் சரிபார்க்க எரேமியா அவன் ஜெப அறைக்குப் போவதில்லை. அவன் கட்டும் வீட்டில் வேலை செய்கிற ஆளிடம் போய்க் கேட்கிறார். நல்ல வீட்டில் இருப்பதும் வயிறாரச் சாப்பிடுவதும் குற்றமில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது, யோசியாவும் சாப்பிட்டவன்தான். யோயாக்கீமுக்கு வந்த தீர்ப்பு கடுமை: அவனுக்காக ஒருவரும் ஒப்பாரி வைக்கமாட்டார்கள், கழுதையைப் புதைக்கிறமாதிரி ஊர் வாசலுக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள்.

ஆகவே, வீடு கட்டிக்கொண்டிருக்கிற உங்களுக்கு இந்த வசனம் முதலில் கேட்கிற கேள்வி கூலியைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது கெட்ட எண்ணத்தால் குறைவு, கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் அதிகம்.

சென்னையில் கட்டட வேலைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி. நீங்கள் காண்டிராக்டருக்கு பேஸ்மட்டம், லிண்டில், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுத்திருப்பீர்கள். "என் பக்கம் பாக்கி இல்லை" என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் அந்தப் பணம் காண்டிராக்டர், மேஸ்திரி, கொத்தனார் தாண்டி சித்தாள் கைக்குப் போக நாலு கை மாறுகிறது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் என்றால் தமிழும் தெரியாது, கேட்கவும் பயம். லேவியராகமம் 19:13, கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது. உபாகமம் 24:15, பொழுது போகுமுன் கொடு என்கிறது. காண்டிராக்டர் மூலம் என்ற விலக்கு அங்கே இல்லை.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒரு சனிக்கிழமை நாலரை, ஐந்து மணிக்கு சைட்டில் இருங்கள். மேஸ்திரி பணம் பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள், அதட்ட வேண்டாம், கணக்குக் கேட்க வேண்டாம். கடைசியாக நிற்கிற பெண்ணிடம் "இந்த வாரம் முழுசா வந்துச்சாம்மா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், அடுத்த வாரம் மேஸ்திரி ஜாக்கிரதையாகிவிடுவார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். விபத்து, பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பதிவுக்குத் தேவையான அத்தாட்சி தருவதற்குச் சோம்பல்படுகிற வீட்டுக்காரர்கள்தான் அதிகம்.

எல்லாரும் சறுக்குவது கடைசித் தவணையில். டைல்ஸ் சரியில்லை, பெயிண்ட் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று ஐந்து சதவீதத்தைப் பிடித்து வைப்பீர்கள். காண்டிராக்டர் அதைச் சாக்காக வைத்து பெயிண்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கைவிரித்துவிடுவார். அவர்கள் உங்களைத்தான் சபிப்பார்கள். குறைக்காகக் காண்டிராக்டரின் லாபத்தை நிறுத்தி வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆள்கூலியை மட்டும் பிரித்து, அவர் முன்னிலையில், பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கி நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். இதைப் பிரதிஷ்டை நாளுக்கு முன்பே முடித்துவிட்டால், அன்றைக்கு அவர்களையும் கூப்பிடலாம். கூப்பிட்டால் கடைசிப் பந்தியில் உட்கார வைக்காதீர்கள்.

வீடு கட்டாதவர்களுக்கும் இதே அளவுதான். வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதியா, "உங்க அண்ணன் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்கிக்கோ"வா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்ற இரண்டு நாளைப் பிடிக்கிறோமா? பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் வாட்ச்மேனுக்கு அபார்ட்மென்ட்டில் கழிப்பறை இருக்கிறதா, அல்லது பக்கத்துக் காலிமனையா? அசோசியேஷன் மீட்டிங்கில் இந்தக் கடைசிக் கேள்வியை எழுப்புவது, நாற்பது நாள் உபவாசத்தை விடச் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஜெபமும் வேதவாசிப்பும் வேண்டாமா என்றால், வேண்டும். அவரோடு பேசாமல் அவரை அறிய முடியாது. ஆனால் அங்கேதான் இந்த வசனத்தின் மிகப் பெரிய விபத்து நடக்கிறது: பக்தியே நான்காவது சாதனையாகிவிடும். வேதத்தில் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். நல்ல திட்டம்தான். ஆனால் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குள் முடித்தாக வேண்டும் என்று லேவியராகமத்தை பஸ்ஸில் விரட்டி விரட்டிப் படிக்கும்போது, வாசிப்பின் நோக்கமே மாறிப்போகிறது. "இது எனக்கு எட்டாவது தடவை" என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறது. லூக்கா 18-இல் பரிசேயன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறான், தசமபாகம் தவறுவதில்லை, எல்லாம் உண்மை. அவன் ஜெபமும் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆகவே "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று முன்னும் பின்னும் சேர்த்துவிட்டால் பெருமை சுத்தமாகிவிடும் என்பது நடக்காத காரியம்.

வாசிப்புக்கு இருபது நிமிடம் போதும், ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியை எடுத்து மூன்று கேள்வி: இங்கே கர்த்தர் யாருக்குக் கிருபை செய்கிறார்? யாருடைய நியாயம் இங்கே பேசப்படுகிறது? இன்று நான் பார்க்கப்போகிற ஆட்களில் அந்த இடத்தில் இருப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் எழுதாமல் நோட்டை மூடாதீர்கள். எரேமியா 22, 7, 32, 45 என்ற வரிசையில் ஆரம்பித்தால் நல்லது. 32-இல் ஊர் விழப்போகிற நேரத்தில் அவர் 17 சேக்கல் வெள்ளிக்கு ஆனதோத்தில் நிலம் வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்லி பாருக்கிடம் கொடுக்கிறார். சொத்து வாங்குவது விசுவாசச் செயலாகவும் இருக்க முடியும் என்று காட்டுகிற அதிகாரம் அது. பத்திரப்பதிவு முடித்துவிட்டு வந்தவர்கள் அன்றைக்கே படிக்கலாம்.

இன்னொரு பயிற்சி. 1 கொரிந்தியர் 4:7-இல் பவுல் கேட்கிறார்: உன்னிடம் உள்ளதில் நீ பெற்றுக்கொள்ளாதது எது? இதை மேடைப் பேச்சாக விடாமல் எழுதிப் பாருங்கள். உங்களுக்கு மிகவும் பெருமை தருகிற ஒன்றை, உதாரணமாக இன்ஜினியரிங் பட்டத்தை, தாளின் தலையில் எழுதுங்கள். கீழே அது யார் யார் வழியாக வந்தது என்று குறைந்தது பதினைந்து வரி. ஃபீஸ் வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அடகுக்குப் போன அம்மாவின் வளையல். இலவச பஸ் பாஸ். முதல் பட்டதாரி சலுகை. இட ஒதுக்கீடு. தன் படிப்பை நிறுத்திவிட்டு ஏற்றுமதி கம்பெனிக்குத் தைக்கப் போன அக்கா. இதில் எல்லாரும் செய்கிற ஒரு தந்திரம் உண்டு: முதல் வரியிலேயே "கர்த்தர்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவது. அது பக்தி போலத் தெரியும், ஆனால் அக்காவின் பெயரை எழுதாமல் தப்பிக்கிற வழி. பதினைந்து பெயரையும் எழுதிவிட்டுக் கடைசியில் அவர் பெயரை எழுதுங்கள். அப்போது அதன் கனம் வேறாக இருக்கும்.

பரம்பரைப் பெருமை பற்றி ஒரு வார்த்தை, இது நம் சபைகளில் வெளியே பேசாத சங்கதி. "நாங்க அஞ்சு தலைமுறை கிறிஸ்தவங்க", "தாத்தா உபதேசியார்", அதோடு ஒட்டிக்கொண்டே வருகிற சாதி. கல்யாண பயோடேட்டாவில் மூன்றும் ஒரே வரியில் நிற்கும். எரேமியா 9:23-24-க்கு அடுத்த இரண்டு வசனம் இதைத்தான் தொடுகிறது: விருத்தசேதனம் என்ற அடையாளம் உடம்பில் இருந்தும் இருதயத்தில் இல்லாதவர்களை எகிப்தியரோடும் ஏதோமியரோடும் ஒரே பட்டியலில் வைக்கிறார் கர்த்தர். பவுலும் பிலிப்பியர் 3-இல் தன் பரம்பரையை வரிசையாகச் சொல்கிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன். சொல்லிவிட்டு எல்லாவற்றையும் நஷ்டம் என்றும் குப்பை என்றும் எழுதுகிறார். அதைப் படித்துவிட்டு பயோடேட்டாவில் சாதியை எழுத எப்படித்தான் மனம் வருகிறதோ.

ஆலயத்துக்குள்ளேயும் கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியும். மின்விசிறி இறக்கையில் "அன்பளிப்பு" என்று பெயர். அடிக்கல்லில் கமிட்டி அங்கத்தினர் பெயர் எந்த வரிசையில் வருவது என்று மூன்று கூட்டம் நடக்கும். இது இன்றைய வியாதி என்று நினைக்க வேண்டாம். சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-இல் பிரதிஷ்டை ஆன புனித மரியாள் ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், தளபதிகள் என்று சுவர் முழுக்கப் பளிங்குப் பலகை. பெயர் போடாமல் கொடுத்துப் பழகுவது இதற்கு நேரான மருந்து. ரசீது வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், அறிவிப்பு வேண்டாம் என்று போதகர் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வாசித்துவிடுவார்கள்.

ரிசல்ட் நாளுக்கு வருவோம். ஸ்தோத்திர காணிக்கை எவ்வளவு என்பதை ரிசல்ட் வருவதற்கு முந்தின நாளே முடிவு செய்து கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள், மகள் கண்முன்னால். மார்க் எதுவாக இருந்தாலும் அதே கவர் போகும் என்று அவளுக்குத் தெரியட்டும். ஆபகூக் 3:17-18, அத்திமரம் துளிர்விடாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்பதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. ரிசல்ட் வந்த பிறகு தொகையை முடிவு செய்தால், மார்க்குக்குத் தகுந்த நன்றி என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். பெரியப்பா போன் செய்து முதல் கேள்வியாக மார்க் கேட்பார், அதைத் தடுக்க முடியாது. வீட்டுக்குள் முதல் வார்த்தை என்ன என்பது உங்கள் கையில். மார்க் குறைந்து, அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், வசனம் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போகாதீர்கள். சோறு போட்டுக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அன்றைக்கு ஒரு நாள் நீங்களும் போடாதீர்கள், மற்றவர்களுடையதையும் பார்க்காதீர்கள்.

கடைசியாக சாட்சி. வழக்கமான சாட்சி மூன்று துண்டாக இருக்கும்: கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பிறகு மார்க்கும் காலேஜ் பெயரும் சம்பளமும் சதுர அடியும், மறுபடி கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கேட்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது நடுத்துண்டை மட்டும். அதே பெஞ்சில் நீட் தேர்வில் மூன்றாவது தடவையும் தவறின பையன் உட்கார்ந்திருக்கிறான், போன மாதம் ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்று வீட்டுக்கு அனுப்பின தகப்பன் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் சாட்சியின் முடிவில், கர்த்தர் தங்களை மறந்துவிட்டார் என்று அவர்கள் நினைத்தால், நீங்கள் அறிவித்தது எந்தக் கர்த்தரை?

மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எண்ணும் நிறுவனப் பெயரும் ஒன்றுகூட இல்லாமல் முதலில் வீட்டில் சொல்லிப் பாருங்கள். மார்க்கை எடுத்தபின் சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், இந்த வாரம் சாட்சி இல்லை என்று அர்த்தம், கையைத் தூக்க வேண்டாம். மிஞ்சினால் அது இப்படி ஏதாவதாக இருக்கும்: பயத்தில் இருந்தபோது என்ன தைரியம் கொடுத்தார், எந்தக் கோபத்தை விடவைத்தார், யார் மூலமாக உதவினார், எந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. உதவினவர் பெயரைச் சொல்லுங்கள், அவர் சபையில் இருந்தால் அவரைப் பார்த்தே சொல்லுங்கள். பவுல் 2 கொரிந்தியர் 11-இல் மேன்மைபாராட்ட ஆரம்பித்து, அடி, கப்பல்சேதம், பசி என்று அடுக்கி, தமஸ்குவில் ஜன்னல் வழியாகக் கூடையில் இறக்கப்பட்டுத் தப்பி ஓடினதில் போய் முடிக்கிறார். அந்த மாதிரிச் சாட்சி சபையில் ஒன்று வந்தால், அதைக் கேட்ட பிறகு இன்னும் இரண்டு பேர் உண்மையைப் பேசுவார்கள்.

உங்கள் மகளை முன்னால் கூப்பிட்டு, "பாப்பா எவ்வளவு மார்க், எல்லாரும் கேக்கட்டும்" என்று மைக்கை நீட்டுகிற ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள். அவள் சங்கடப்படாமலிருக்க முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பாஸாயிட்டேன் அங்கிள், எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.